ஒருத்திக்காக ஒரு சுற்று

அக்டோபர் 6, ஞாயிறு

பெயர் கொடுத்துவிட்டேன். நான்கு போட்டிகளுக்கும்.

சைக்கிள் கிளப் நடத்தும் பிரபாகர் சார் போனில் இரண்டு தடவை கேட்டார். "மேடம், ஓட்டப்போறது நீங்களா, சாரா?"

சார் என்றால் குமரேசன், என் வீட்டுக்காரர். போன வருஷம் வரை இந்தப் போட்டியில் அவர்தான் ஓட்டினார். மார்ச் மாதம் அவிநாசி ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்ததில் வலது தோளில் நரம்புகள் அறுந்துவிட்டன. இரண்டு ஆபரேஷன் ஆயிற்று. கை இருக்கிறது, தொங்குகிறது. அவர் லேத் பட்டறை வைத்திருப்பவர். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

"நான்தானுங்க சார். ரேணுகா, வயசு நாப்பத்திரண்டு. எழுதிக்கோங்க."

"லேடீஸ்ல நீங்க ஒருத்தர்தான் மேடம். தனியா இருபது நிமிஷம் வெச்சுரலாம். கப்பு உண்டு."

"ஒருத்தியே ஓடி ஒருத்தியே ஜெயிக்கறதுக்கு மொட்டை மாடி போதுமுங்க சார். ஆம்பளைங்களோட போடுங்க."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. போட்டுவிட்டார்.

குமரேசனிடம் சொன்னேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "ம்" என்றார்.

அக்டோபர் 8, செவ்வாய்

என் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் தாட்சாயிணி கேட்டார். கொடுக்கவில்லை. பதினேழு வருஷத்தில் முதல் முறை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மைதானத்தில் கத்திய கத்தலுக்கு எச்.எம். ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

மத்தியானம் தாட்சாயிணி சமாதானமாகி, "அதென்னங்க சைக்ளோகிராஸு? சைக்கிள் ரேஸா, ஓட்டப் பந்தயமா?" என்றார்.

"ரெண்டும். சேத்துலயும் புல்லுலயும் ரெண்டு கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டிருப்பாங்க. நடுவுல முழங்கால் உசரத்துக்குப் பலகை வெச்சிருப்பாங்க. இறங்கிச் சைக்கிளைத் தூக்கிட்டுத் தாண்டணும். ஏறவே முடியாத மேடு வந்தா தோள்ல போட்டுட்டு ஓடணும். மறுபடி ஏறி மிதிக்கணும். அம்பது நிமிஷம்."

"தூக்கிட்டு ஓடறதுக்கு எதுக்குங்க சைக்கிளு?"

நல்ல கேள்விதான். எட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் குமரேசனிடம் கேட்டிருக்கிறேன். பெல்ஜியம் நாட்டில் மழையில் நடக்கும் போட்டிகளைப் போனில் பார்த்துக்கொண்டிருப்பார். "ரோடு நல்லா இருந்தா எவன் வேணாலும் ஓட்டுவான் ரேணு" என்றார் அன்று.

வீட்டுக்குப் போன் செய்தேன். 10.40: "இருக்கேன்." 12.35: "இருக்கேன்." 2.50: எடுக்கவில்லை. 2.53: "பாத்ரூம்ல இருந்தேன். இருக்கேன்."

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

பட்டறையைத் திறக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். மார்ச்சிலிருந்து ஷட்டர் மூடியே கிடக்கிறது. சைக்கிளுக்கு மட்டும் சந்தனம் வைத்துப் பொரி கடலை படைத்தேன். அவருடைய சைக்கிள், எனக்கு ஒரு சுற்றுப் பெரியது. சீட்டை எவ்வளவு இறக்கினாலும் கால் சித்த எட்டித்தான் மிதிக்க வேண்டியிருக்கிறது. கால் நீளும் வயசில்லை. எட்டித்தான் மிதிப்பேன்.

அவருடைய மாத்திரைகளை என் பள்ளிக்கூடப் பையில்தான் வைத்திருக்கிறேன். காலையும் மாலையும் நானே எடுத்துக் கொடுப்பேன். வலி மயக்கத்தில் மறந்து இரண்டு தடவை போட்டுக்கொண்டால் என்ன செய்வது? அதற்காகத்தான்.

அக்டோபர் 20, ஞாயிறு. முதல் போட்டி

மதுக்கரைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. இருபத்தாறு பேர். இருபத்தைந்து ஆண்கள், நான்.

இந்த விளையாட்டில் ஒரு விதி இருக்கிறது. முதலில் வருகிறவன் நம்மை ஒரு முழுச் சுற்று முந்தப்போகிறான் என்றால், அதற்கு முன்பே விசில் ஊதி நம்மை வெளியே எடுத்துவிடுவார்கள். அவனுக்கு வழி விடுவதற்காக. பிரபாகர் சார் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் விசில், கையில் விதிப் புத்தகம்.

மூன்றாவது சுற்றில் எனக்கு ஊதினார்.

பதினேழு வருஷமாக நான்தான் ஊதிக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஒருவர் ஊதினால் எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. பாதை ஓரத்துக் கயிற்றைத் தூக்கி வெளியே வந்தேன். முதலில் போனவன் இம்தியாஸ் என்ற இஞ்சினியரிங் மாணவன். என்னைத் தாண்டிப் போகும்போது, "நல்லாப் பண்ணீங்கக்கா" என்றான். கால் மணி நேரம் ஓட்டியதற்கா?

விழுந்தது இரண்டு தடவை. முழங்கையில் தோல் இல்லை. பலகையைத் தாண்டும்போது மட்டும் மூன்று பேரை முந்தினேன். ஓடத் தெரிந்தவள் நான். காலேஜில் எண்ணூறு மீட்டரில் மாவட்ட அளவில் இரண்டாவது. அவர்களுக்கு ஓட வராது.

வீட்டுக்கு வந்தால் நாத்தனார் ருக்குமணி அண்ணி வாசலில் நிற்கிறார். ஞாயிறுதோறும் அன்னூரிலிருந்து பஸ் ஏறி வந்து தம்பியோடு இருந்துவிட்டுப் போவார். அதனால்தான் என்னால் ஞாயிற்றுக்கிழமை வெளியே போக முடிகிறது. அதை அவரும் அறிவார்.

"ஏம் புள்ள, இது என்ன கோலம்? எருமை மாட்டாட்டம்?"

"எருமைக்கு ஒடம்பு குளுந்துக்கும் அண்ணி. எனக்கும்தான்."

அக்டோபர் 21, திங்கள்

எச்.எம்-மின் மேஜையிலிருந்து வருகைப் பதிவேட்டை எடுக்கக் குனிய முடியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

காலையில் ஐந்தரைக்கு எழுந்து பள்ளி மைதானத்தில் பயிற்சி. பெஞ்சைப் படுக்கப் போட்டு, இறங்கு, தூக்கு, தாண்டு, ஏறு. நாற்பது தடவை. வாட்ச்மேன் மாரிமுத்து அண்ணன் கேட்டைத் திறந்துவிட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது அண்ணி அரிசி புடைத்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். என்னைப் பார்த்துப் பேசவில்லை, முறத்தைப் பார்த்துப் பேசினார்.

"கட்டினவன் படுத்த படுக்கையா கெடக்கறான். இவ கால்சட்டை மாட்டிட்டு சேத்துல உருண்டுட்டு வர்றா. ஒரம்பரை சனமெல்லாம் என்னையத்தான் கேக்கறாங்க. பிள்ளை குட்டி இருந்திருந்தா இப்படிப் போவாளா?"

"அண்ணி, நானும் படுத்துட்டா உங்க தம்பிக்கு யாரு சோறாக்குவா?"

"யாரு படுக்கச் சொன்னா? வீட்டுல இருன்னுதான் சொல்றேன்."

"வீட்டுல இருந்தா படுத்துருவேனுங்க."

சொல்லிவிட்ட பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. அண்ணி முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மத்தியானம் எனக்கு மட்டும் இரண்டு முட்டை சேர்த்து வைத்தார்.

நவம்பர் 10, ஞாயிறு. இரண்டாவது போட்டி

சூலூர் பக்கம் ஒரு காட்டு மைதானம். இரண்டாவது சுற்றில் ஒரு கல்லில் மோதிப் பின் கியர் உடைந்து தொங்கிவிட்டது. கியரைத் தாங்கிப் பிடிக்கிற அலுமினியக் காது மடங்கி முறிந்துவிட்டது. தோளில் போட்டுக்கொண்டு ஒன்றரைச் சுற்று ஓடினேன். பிறகு விசில்.

சைக்கிளைக் காரில் ஏற்றும்போது பிரபாகர் சார், "மேடம், கடைசிப் போட்டிக்காவது அந்த இருபது நிமிஷம் தனியா..." என்று ஆரம்பித்தார்.

"இன்னிக்கு நான் ஓட்டவே இல்லைங்க சார், ஓடினேன். அப்பவும் நாலு பேரு எனக்குப் பின்னாடி இருந்தாங்க. அவங்களைத் தனியா விடுவீங்களா?"

நவம்பர் 12, செவ்வாய்

இது எழுத வேண்டிய நாள்.

மாலையில் ஹாலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, யூடியூப் பார்த்துக்கொண்டே உடைந்த காதைக் கழற்றினேன். ஸ்க்ரூ வரவில்லை. பல்லைக் கடித்து முறுக்கினேன்.

"அப்படி முறுக்காத! மரை போயிரும்!"

எட்டு மாதமாக இந்த வீட்டில் யாரும் சத்தம் போட்டதில்லை. நான் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டேன். கதவோரம் நின்றிருந்தார். எத்தனை நேரமாக நின்றாரோ.

"எந்தப் பக்கம் முறுக்கறதுன்னு தெரியாதா? பி.டி. டீச்சராம்!"

"நீங்க வந்து சொல்லித் தர்றது!"

"கைய வெச்சுட்டு நானென்ன பண்ணட்டும்?"

"வாயி இருக்குதில்ல?"

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். அவர் முகம் சிவந்தது. அவர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். தொங்கும் கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மொதல்ல சித்த எண்ணெய் விடு. அஞ்சு நிமிஷம் ஊறட்டும். அவசரம், எப்பப் பாத்தாலும் அவசரம்."

காது கழன்று வந்தது. அவர் உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கடையில கெடைக்காது. ஆர்டர் போட்டா ஒரு மாசம்."

"அப்பறம்?"

அந்தத் துண்டை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை.

நவம்பர் 16, சனி

பட்டறையைத் திறந்தோம்.

அவரே சொன்னார். காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "சாவி எங்க?" என்றார். நான் எந்தச் சாவி என்று கேட்கவில்லை.

ஷட்டரைத் தூக்க நான் ஒருத்தி போதவில்லை. பக்கத்துக் கடைக்காரர் வந்தார். உள்ளே எட்டு மாதத் தூசி. லேத்தின் மேல் பல்லி முட்டை. குமரேசன் போய் லேத்துக்கு முன்னால் நின்றார். நான் துடைப்பத்தைத் தேடுவதுபோல வெளியே போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க போன? வெசயா வா, சீக்கிரம்!" என்று குரல் வந்தது.

ஒரு அலுமினியப் பட்டையில் பழைய காதை வைத்துக் கோடு கிழித்தேன். அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். வைஸில் இறுக்கி, ஹேக்ஸா பிளேடால் அறுத்து, துளை போட்டு, அரம் போட்டேன்.

"இழுக்கறப்ப அமுக்காத. தள்ளறப்ப மட்டும் அமுக்கு. அரம் போற போக்குலதான் வெட்டும். வர்றப்ப சும்மா வரணும்."

"சரி."

"சரின்னுட்டு அதையேதான் பண்ற."

மூன்று மணி நேரம். இரண்டு விரலில் கொப்புளம். முதல் காது கோணல். தூக்கிப் போடச் சொன்னார். போட்டேன். இரண்டாவதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "போச்சாது, பரவாயில்ல. ஓடும்."

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் என் சமையலுக்குக்கூட இப்படி ஒரு பாராட்டு வந்ததில்லை.

இன்று ஒரு தடவைகூடப் போன் செய்யவில்லை. செய்யத் தேவையில்லை, பக்கத்தில்தானே இருந்தார்.

நவம்பர் 24, ஞாயிறு. மூன்றாவது போட்டி

காது தாங்கியது. கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. தாங்காதது என் புத்திதான்.

இன்னும் இரண்டு சுற்று இருக்கும்போது விசில் கேட்டது. கேட்டது. நன்றாகவே கேட்டது. நான் குனிந்துகொண்டு மிதித்தேன். பிரபாகர் சார் கையை விரித்துக்கொண்டு கத்தினார். அவரைச் சுற்றிக்கொண்டு போனேன். குறுகலான இடத்தில் இம்தியாஸ் பின்னால் வந்து மாட்டிக்கொண்டான். பாவம், "அக்கா, அக்கா" என்று கெஞ்சினான். அவன் என்னைத் தாண்டுவதற்குள் இரண்டாவதாக வந்தவன் அவனை எட்டிப் பிடித்துவிட்டான். இம்தியாஸ் இரண்டாவதாகத்தான் முடித்தான்.

"காதுல விழலைங்க சார்" என்றேன். பொய்.

"மேடம், ஆயிரம் பிள்ளைங்களுக்கு விசில் ஊதறவங்க நீங்க" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

இம்தியாஸிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா, அடுத்த தடவை வேகமா ஓட்டிருங்க" என்றான்.

நவம்பர் 25, திங்கள்

கிளப்பிலிருந்து செய்தி: எச்சரிக்கை. இன்னொரு முறை விசிலை மதிக்காவிட்டால் நீக்கம். நியாயம்தான். ஆனால் விதியை மீறாமலேயே ஒரு தடவையாவது முடித்துக் காட்டுவேன். கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பார்கள். அதை எனக்காக ஒரு தடவை அடிக்க வைப்பேன்.

டிசம்பர் 3, செவ்வாய். மழை விடுமுறை

நாள் முழுக்க அடைமழை. மத்தியானம் பச்சைப் பயறு வறுத்துக்கொண்டிருந்தேன். அவர் சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆறு மாசமா என் மாத்திரையெல்லாம் இஸ்கூலுக்குப் போயிட்டு வருது."

கரண்டியை நிறுத்தாமல், "மறந்து ரெண்டு தடவை போட்டுருவீங்கன்னு..." என்றேன்.

"ரேணு."

கரண்டியை நிறுத்தினேன்.

"மே மாசம் ஒரு நாள் நெனச்சேன். ஒரே ஒரு நாள்."

"தெரியும்."

"எப்படி?"

"அன்னிக்கு எங்கிட்ட ரொம்பப் பிரியமாப் பேசினீங்க. வீட்டுப் பத்திரம் எங்க இருக்குன்னு சொன்னீங்க. அப்பவே மாத்திரையெல்லாம் என் பையில எடுத்து வெச்சுட்டேன். அன்னியிலிருந்துதான் போன் பண்றேன்."

இதையெல்லாம் இந்த நோட்டில்கூட நான் எழுதவில்லை. எழுதினால் நிஜமாகிவிடும் என்று இருந்தது.

பயறு கருகிவிட்டது. அடுப்பை அணைத்தேன். அவர் சொன்னார்: "நீ பீரியடுக்குப் பீரியடு போன் பண்றப்பெல்லாம், நான் இன்னும் சாகலையான்னு நீ கேக்கற மாதிரியே இருக்கும்."

"ஆமா. அதைத்தான் கேட்டேன்."

"இப்ப அந்த நெனப்பு இல்ல."

"இல்லைன்னா சந்தோஷம். ஆனா டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு ஜூன் மாசத்திலிருந்து பீரோவுல கெடக்குது. மனசு டாக்டரைப் பாக்கணும்."

"போட்டி முடியட்டும், போலாம்."

"போட்டிக்கு முன்னாடி. வர்ற வெள்ளிக்கிழமை. நான் லீவு போட்டாச்சு."

"எப்பப் போட்ட?"

"இன்னிக்குப் போடுவேன்."

"எரும" என்றார். அழுதேன், கொஞ்சம். கருகின புகை கண்ணில் பட்டதென்று எழுதலாம். எழுதவில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

போய் வந்தோம். டாக்டரம்மா முக்கால் மணி நேரம் பேசினார். என்னை வெளியே உட்கார வைத்துவிட்டார். எனக்குக் கோபம்தான். பத்து நாளில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். மாத்திரையை இப்போதைக்கு நானே வைத்துக் கொடுக்கச் சொன்னார். ஒளித்து வைக்காமல், இருவரும் பேசி வைத்துக்கொண்டு. போன் மத்தியானம் ஒரு தடவை மட்டும் என்று நாங்களாக முடிவு செய்தோம்.

டிசம்பர் 13, வெள்ளி

மூன்று நாளாக மழை. பிரபாகர் சார் செய்தி அனுப்பியிருக்கிறார்: கடைசிப் போட்டி நடக்கும், தேவராயபுரம் பக்கத்துக் குளத்தங்கரை, பாதை முழுக்கக் களிமண், வராதவர்கள் முன்கூட்டியே சொல்லவும். ஏழு பேர் வரவில்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

குமரேசன் செய்தியை இரண்டு தடவை படித்தார். "களிமண்ணுன்னா ரெண்டு நிமிஷத்துல சக்கரம் சுத்தாது. ஒரு இடத்துல தண்ணி அடிச்சுக் கழுவிவிட ஆளு வேணும். விதிப்படி அதுக்குத் தனியா எடம் ஒதுக்கியிருப்பாங்க."

"என்கிட்ட ஆளு இல்லையே."

அவர் போனை எடுத்து இடது கட்டைவிரலால் மெதுவாக நம்பரைத் தேடினார். "அக்கா, உங்க தோட்டத்துல மருந்தடிக்கற மிஷினு, பேட்டரி போட்டது... ஆமா, அதான். ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வாங்க. ...எதுக்கா? வாங்க சொல்றேன்."

டிசம்பர் 15, ஞாயிறு. கடைசிப் போட்டி

முழுசாக எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

பத்தொன்பது பேர். குளம் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. பாதை கரை மேல் ஏறி, மதகுப் பக்கம் இறங்கி, குளத்தின் மறுபக்கம் கருவேலங்காட்டுக்குள் நுழைந்து திரும்பியது. மிதித்து ஏற முடியாத மேடு இரண்டு. எனக்கு மனசுக்குள் ஒரே கொண்டாட்டம். இன்றைக்கு எல்லோரும் ஓடியே ஆக வேண்டும்.

கழுவும் இடத்தில் குமரேசன் இடது கையில் தெளிப்பானின் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு அண்ணி. சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார்.

"மூணு தடவ கழுவியும் மருந்து நாத்தம் போகலடா. அவ வாயில அடிச்சுராத."

"நீங்க சும்மா நில்லுங்க அக்கா."

"சும்மா நிக்கறதா? இருவது கிலோ முதுகுல ஏத்திவிட்டுட்டு!"

விசில். புறப்பட்டோம். முதல் சுற்றிலேயே இரண்டு பேர் வழுக்கி மதகில் போய் விழுந்தார்கள். களிமண் சக்கரத்தில் அப்பி, சைக்கிள் கருங்கல் மாதிரி கனத்தது. தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். மேட்டில் மூன்று பேரைத் தாண்டினேன். கழுவும் இடத்துக்கு வந்து நிறுத்தினால் பத்து விநாடியில் அண்ணி சக்கரத்தைச் சுற்ற, அவர் தண்ணீர் அடிக்க, களிமண் கட்டி கட்டியாக விழும்.

"தலைய நிமித்து! பத்தடி முன்னாடி பாரு! அடியில பாக்காத!" என்று அவர் கத்தினார்.

"போ புள்ள, போ, போ!" என்று அண்ணி கத்தினார். பிறகு ஞாபகம் வந்தவர்போல, "மெதுவாப் போ!" என்றார்.

நான்கு பேர் கியர் உடைந்து நின்றார்கள். என் காது தாங்கியது. ஐந்து பேருக்கு விசில் ஊதினார்கள். ஒவ்வொரு தடவை ஊதும்போதும் எனக்கு என்று நினைத்தேன். எனக்கில்லை.

ஏழாவது சுற்றில் இருந்தபோது பின்னால் மணி கேட்டது. இம்தியாஸுக்குக் கடைசிச் சுற்று. எட்டாவது. அப்படியென்றால் அவன் என்னைவிட ஒரு நிமிஷம்தான் பின்னால். இந்தச் சுற்றுக்குள் என்னைப் பிடித்துவிட்டால் எனக்கு விசில். பிடிப்பதற்குள் நான் கோட்டைத் தாண்டிவிட்டால், விதிப்படி எனக்கு இன்னும் ஒரு சுற்று உண்டு.

கருவேலங்காட்டில் அவன் மூச்சு கேட்டது. மேட்டில் சைக்கிளைத் தூக்கினேன். தோள் எலும்பு விண்ணென்று தெறித்தது. ஓடினேன். எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் கடைசி நூறு மீட்டர் காலால் ஓடுவதில்லை. வேறு ஏதோ ஓடும். கரை மேல் ஏறி உட்கார்ந்து மிதித்தபோது, கோட்டுப் பக்கம் பிரபாகர் சார் விசிலை வாயில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பது தெரிந்தது. கன்னம் உப்பியிருந்தது.

தாண்டிவிட்டேன். பத்து விநாடி கழித்து இம்தியாஸ் வந்து ஜெயித்தான். எல்லோரும் அவன் மேல் பாய்ந்தார்கள். நான் இருபது அடி தள்ளி நின்றுவிட்டேன். மணி அடிக்கவில்லையே!

பிரபாகர் சார் ஓடி வந்தார். "பிரமாதம் மேடம்! போதும், இறங்கிக்கோங்க. உங்களுக்கு முன்னாடி போன எட்டு பேரும் இப்ப முடிச்சுருவாங்க. எல்லாரும் சாப்பிடப் போகணும். மழையும் வருது."

"சார், என்னை அவன் முந்தினானா?"

"இல்ல."

"விதி என்ன சொல்லுது?"

அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. தண்ணீர் சொட்டும் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். "விதிப்படி உங்களுக்கு ஒரு சுத்து இருக்கு."

"அப்ப மணி அடிங்க."

என்னை ஒரு கணம் பார்த்தார். திரும்பிப் போனார். அடித்தார். விமானப்படைக்காரர், அடித்தால் ஒழுங்காக அடிப்பார். குளம் முழுக்கக் கேட்டது.

போனேன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக முடித்துவிட்டார்கள். பாதையில் நான் மட்டும். கயிறு அவிழ்க்க ஆரம்பித்திருந்த இரண்டு பேரிடம், "அவுக்காதீங்க! ஆளு வருது!" என்று கத்தினேன். மறுபடி கட்டினார்கள். மதகில் தவளைகள். காட்டுக்குள் ஒரு கொக்கு. மழை பிடித்துக்கொண்டது. பலகையைத் தாண்டினேன், மேட்டை ஏறினேன், வழுக்கினேன், எழுந்தேன், ஏறினேன்.

திரும்பி வந்தபோது பதினெட்டு பேரும் சாப்பிடப் போகாமல் கரை மேல் மழையில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். டாங்கியை இன்னும் இறக்காமல் அண்ணி நடுவில் நின்றார்.

முடித்தவர்கள் பத்து பேர். நான் பத்தாவது.

இம்தியாஸைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "உண்மையைச் சொல்லு. விட்டுக் குடுத்தியா?"

"விட்டுக் குடுக்கறதா? உங்களைப் புடிக்கப் பாத்து மேட்டுல உசுரே போயிருச்சுக்கா" என்றான். அவன் வாய் நீலமாக இருந்தது. நம்பினேன்.

டிசம்பர் 16, திங்கள்

காலையில் டீ குடிக்கும்போது குமரேசன் போனில் வந்த முடிவுப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் எவ்வளவு நேரம் என்று அதில் இருக்கும்.

"ஏழு சுத்தும் ஆறு அம்பதை ஒட்டியே ஓட்டியிருக்க. கடைசிச் சுத்து ஆறு முப்பத்தொண்ணு. தொரத்தறதுக்கு ஆளே இல்ல. எப்படி எச்சு வேகம் வந்துச்சு?"

தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். தெரியும்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்தச் சுத்து முழுக்க உங்க நெனப்பே எனக்கு வரல. மே மாசத்திலிருந்து அப்படி ஒரு அஞ்சு நிமிஷம்கூட இருந்ததில்ல. நேத்துத்தான்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். என்னை நேராகப் பார்த்தார்.

"அப்பாடா" என்றார்.